பின்வாசல் வரலாறு

ஒரு மாசத்துக்கு முன்னால் என் கவுன்ட்டருக்கு ஒரு பையன் வந்தான். ஜவ்வாது மலைக்காரன். நெல்லிவாசல்நாடு. வயசு இருபத்திரண்டுக்கு மேல் போகாது. அம்மா கணக்கில் ஐயாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். "செல்போன்லயே அனுப்பலாமே, எதுக்கு மலைய விட்டு இவ்ளோ தூரம் இறங்கி வந்தே?" என்று கேட்டேன். "பாஸ்புக்குல ஏறினாத்தான் சார் அம்மா நம்பும்" என்றான். பாஸ்புக்கை மெஷினுக்குள் விட்டு எடுக்கிற நேரத்தில், தோள்பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து என் முன்னால் தள்ளினான்.

வழவழத் தாள். முழுக்க இங்கிலீஷ். வெள்ளைக்காரன் காலத்து ஆடம்பர ஓட்டல்களின் கதை. பக்கத்துக்குப் பக்கம் படம். பையன் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் வேலை செய்கிறான். எந்த ஓட்டல் என்பது இங்கே வேண்டாம். கான்ட்ராக்ட்காரர் மூலமாகச் சேர்ந்தவன். படுக்கை விரிப்பும் துண்டும் வெளுக்கிற இடத்தில் வேலை. யாரோ ஒரு விருந்தாளி அறையில் விட்டுவிட்டுப் போன புத்தகம். குப்பைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான்.

"இதுல இன்னா சார் எழுதிக்கீது? எங்க ஆளுங்க யாராச்சும் கீறாங்களா?"

"எங்க ஆளுங்கன்னா யாரு? மலைக்காரங்களா?"

"இல்ல சார். வேல செய்றவங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் கீழ்நாட்டுச் சேரிக்காரன். அவன் மலையாளிப் பழங்குடி. அரசாங்கச் சான்றிதழில் நான் ஒரு பட்டியல், அவன் ஒரு பட்டியல். நாங்கள் இரண்டு பேரும் எங்கே சேருகிறோம் என்று மணிக்கணக்காகக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். அவன் ஒரே சொல்லில் முடித்துவிட்டான். போகும்போது இன்னொன்றும் சொன்னான்: "பதினாலு மாசமா அங்க வேல செய்றன் சார். முன்வாசல ரோட்ல இருந்துதான் பாத்துக்கீறன்."

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் மூன்று ராத்திரி படித்தேன். அதில் கவர்னர்கள் இருக்கிறார்கள். மகாராஜாக்கள் இருக்கிறார்கள். கட்டடக்காரர்கள், கம்பெனி முதலாளிகள், தங்கிப்போன எழுத்தாளர்கள், சினிமா நட்சத்திரங்கள் எல்லாரும் இருக்கிறார்கள். வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வரி இருக்கிறது. 'விசுவாசமான ஊழியர்கள்' என்று. பெயர் இல்லை. ஊர் இல்லை. சம்பளம் இல்லை.

இது அந்த ஒரு புத்தகத்தின் குற்றம் இல்லை. பெரிய ஓட்டல்களின் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டிருப்பதெல்லாம் முன்வாசல் வழியாக வந்து போனவர்களின் வரலாறு. பின்வாசல் வழியாக உள்ளே போனவர்கள்தான் அந்தக் கட்டடங்களை ஒவ்வொரு நாளும் ஓட்டலாக ஆக்கினார்கள். அவர்கள் கதையை யாரும் எழுதவில்லை. நாமும் எழுதவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கன்னிமாராவில் இருந்து தொடங்குகிறேன். எனக்குக் கன்னிமாரா என்றால் எழும்பூர் நூலகம். வங்கித் தேர்வுக்குப் படித்த இரண்டு வருஷம் காலையில் போய் உட்கார்ந்தால் சாயந்திரம்தான் எழுந்திருப்பேன். என் முதல் கவிதைகளை அந்த மேசைகளில்தான் எழுதினேன். அங்கே யாரும் என்னை நீ யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டதில்லை. அதே பெயரில் அண்ணா சாலையை ஒட்டி பின்னி ரோட்டில் ஓர் ஓட்டல் இருப்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். பஸ்ஸில் போகும்போது வெளியே இருந்து பார்த்ததோடு சரி.

இரண்டுக்கும் பெயர் கொடுத்தது ஒரே ஆள். ராபர்ட் போர்க் என்கிற கன்னிமாரா பிரபு. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண கவர்னர். நூலகத்துக்கு 1890ல் அடிக்கல் நாட்டினார்கள். 1896ல் திறந்தார்கள். ஓட்டல் அதற்கும் மூத்தது. 1854ல் திருவல்லிக்கேணி ரத்தினவேலு முதலியார் 'இம்பீரியல்' என்ற பெயரில் நடத்திய ஓட்டல் அது. 1886ல் கை மாறி 'ஆல்பனி' ஆனது. 1890ல் கவர்னர் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1891ல் ஸ்பென்சர் கம்பெனியின் யூஜின் ஓக்ஷாட் வாங்கினார். 1930களில் இடித்துப் புதுசாகக் கட்டி 1937ல் திறந்தார்கள். பிறகு இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வந்து புதுப் பகுதி சேர்த்தார். 1984ல் தாஜ் குழுமம் நடத்த எடுத்துக்கொண்டது. கவர்னர் மனைவி புருஷனோடு கோபித்துக்கொண்டு அரசு மாளிகையை விட்டு வந்து இந்த ஓட்டலில்தான் தங்கினார் என்றொரு கதையும் சொல்வார்கள். 1890ல் அவர்களுக்கு விவாகரத்து ஆனது உண்மை. ஒரு கவர்னர் வீட்டுச் சண்டை நூற்று முப்பது வருஷமாக ஓட்டலோடு சேர்ந்தே பேசப்படுகிறது. அந்த அம்மா தங்கியிருந்தபோது காலையில் வெந்நீர் சுமந்து கொண்டுபோய் வைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் முதலாளி வெள்ளைக்காரர் இல்லை. ஒரு முதலியார். காலனிய ஓட்டல் என்றதும் நாம் வெள்ளை-கருப்பு என்று ஒரு கோட்டைத்தான் போடுகிறோம். அந்தக் கோடு உண்டு. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு கோடு இருக்கிறது. ஓட்டல் முதலியாரிடமிருந்து கம்பெனிக்கும், ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொன்றுக்கும் கை மாறியது. தட்டு கழுவுகிற கை மாறவில்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். நான் கணக்குப் பிள்ளை. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது என் தொழில். 1890ல் ஓட்டலுக்குப் பெயர் வைக்கிறார்கள், 1891ல் ஸ்பென்சர் வாங்குகிறார். அதே 1891ல் பட்டணத்தை அடுத்த செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதுகிறார். கடனுக்குப் படியாளாகக் கட்டுண்டு கிடக்கிறார்கள், நிலம் வாங்க மிராசுதார்கள் விடுவதில்லை, குடியிருக்கிற மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்று எழுதுகிறார். அதன் பேரில்தான் 1892ல் அரசாணை வருகிறது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிறோமே, அது பிறந்த இடம் அந்த அறிக்கை. மவுண்ட் ரோட்டில் ஒரு ராத்திரி தங்க ஒருவர் வாடகை கொடுக்கிறார். சில மணி நேர வண்டிப் பயணத்தில் பரம்பரையாகக் குடியிருக்கிறவனுக்குத் தன் குடிசை நிற்கிற மண் சொந்தமில்லை. இரண்டும் ஒரே வருஷம். முதலாவது பாரம்பரியம் ஆகிவிட்டது. இரண்டாவது வழக்காகக் கிடக்கிறது.

அந்தப் படியாள் முறையிலிருந்து தப்பி ஓடியவர்கள் எங்கே போனார்கள்? சிலர் கப்பலேறினார்கள். சிலர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். சிலர் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். சிலர் துரைமார் வீட்டு அடுக்களைக்குள் போனார்கள். மாட்டுக்கறி, பன்றிக்கறி, சாராயம், எச்சில் தட்டு. சாதி இந்து தொட மாட்டான். அதனால் சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலும் பரிமாறலும் பெரும்பாலும் பறையர்கள், கிறிஸ்துவர்கள், முஸ்லிம்கள் கையில் இருந்தன. தீட்டு என்று ஒதுக்கப்பட்டதே ஒரு தொழிலாகக் கையில் வந்தது.

1878ல் கர்னல் கென்னி ஹெர்பர்ட் என்கிற ராணுவ அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் சென்னைச் சமையலைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். வெள்ளைக்காரப் பெண்களுக்குச் சமையல்காரரை வைத்து வேலை வாங்கச் சொல்லிக் கொடுக்கிற புத்தகம். அதில் வருகிற சமையல்காரர் எல்லாருக்கும் ஒரே பெயர்தான். 'ராமசாமி.' முனியனாக இருக்கட்டும், அந்தோணியாக இருக்கட்டும், எல்லாரும் ராமசாமி. பெயரைத் துடைப்பது அப்போதே தொடங்கிவிட்டது. அவர்கள் பேசிய மொழிக்கு 'பட்லர் இங்கிலீஷ்' என்று பேர் வைத்து 1886ல் அகராதியிலும் ஏற்றினார்கள். இன்றைக்கும் நம் சினிமாவில் அது சிரிப்புக் காட்சி. இலக்கணம் தெரியாதவன் என்று சிரிக்கிறோம். பள்ளிக்கூடத்துக்குள் விடாத ஒரு கூட்டம், இன்னொருவன் மொழியைக் காதால் மட்டும் கேட்டு, அதை வைத்து ஒரு வீட்டையே நடத்தியது என்று ஏன் நமக்குத் தோன்றவில்லை?

சும்மா எச்சில் தட்டு கழுவியவர்கள் என்று நினைக்காதீர்கள். அயோத்திதாசப் பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் ஏடுகளைத் துரை மூலமாக எல்லீசிடம் சேர்த்தவர் அவர் என்கிறார் பண்டிதர். குறள் அச்சான கதையைப் பேசுகிற மேடைகளில் எல்லீஸ் பெயர் வரும். பட்லர் கந்தப்பன் பெயர் எத்தனை மேடையில் வந்திருக்கிறது? ஒரு பேரன் பத்திரிகை நடத்தினான், எழுதினான், அதனால் ஒரு பட்லரின் பெயர் நமக்குக் கிடைத்தது. பேரன் எழுதாத பட்லர்கள் எத்தனை ஆயிரம்?

இங்கே நான் என் வெட்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் தாத்தா தங்கவயலில் ஒரு துரை பங்களாவில் மேட்டி வேலை பார்த்தவர். மேட்டி என்றால் பட்லருக்குக் கீழே எடுபிடி. பத்து வயசில் சேர்ந்தவர். பீங்கான் கழுவுவது, வெள்ளிக் கரண்டி துலக்குவது, மேசைத் துணி மடிப்பது. வயசான காலத்தில் எங்கள் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குத் தோள்துண்டை மடித்து வித்தை காட்டுவார். ஒரு மடிப்பில் தாமரை, ஒரு மடிப்பில் கொக்கு. துரை மேசையில் கைத்துடைப்புத் துணியை அப்படித்தான் மடித்து வைப்பார்களாம். நாங்கள் கைதட்டுவோம். ஆயா மட்டும் திட்டும்: "மேசைக்குத் துணி மடிச்ச ஆளு, ஒரு நாளு மேசையில ஒக்காந்து தின்னிருக்கியா?" தாத்தா சிரிப்பார். சாகிற வரைக்கும் அவர் அடுக்களை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டுதான் சாப்பிட்டார். நடுவீட்டில் இலை போட்டால் அவருக்குத் தொண்டையில் இறங்காது.

காலேஜ் ஹாஸ்டலில் என்னிடம் கேட்டார்கள், உங்க தாத்தா என்ன வேலை என்று. "மைன்ஸ்ல கிளார்க்" என்றேன். கூசாமல் சொன்னேன். பிறகு நான் நிஜமாகவே கிளார்க் ஆனேன். அந்தப் பொய்யை இன்றைக்கு வரைக்கும் வாபஸ் வாங்கவில்லை. இப்போது வாங்குகிறேன். வெள்ளைக்காரனிடம் வேலை செய்தார் என்பதற்காக நான் வெட்கப்படவில்லை தோழர்களே. தட்டு கழுவினார் என்பதற்காக வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை எனக்குள் போட்டது யார்? உழைப்பைத் தீட்டு என்று சொன்ன அதே மூளைதான். மேடையில் சாதி ஒழிப்புக் கவிதை படித்துக்கொண்டே நான் அந்த மூளையை வைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டல் வரலாற்றிலிருந்து என் தாத்தாவை முதலில் அழித்தது அந்த வழவழப் புத்தகம் இல்லை. நான்தான்.

இனி பம்பாய்க்குப் போவோம். அந்தப் புத்தகத்தில் அதிகப் பக்கம் தாஜ்மகால் ஓட்டலுக்குத்தான். 1903 டிசம்பர் 16ல் திறந்தது. கட்டியவர் ஜாம்ஷெட்ஜி டாடா. எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. அவரை வாட்சன் ஓட்டலில் இந்தியர் என்பதால் உள்ளே விடவில்லையாம், அந்த அவமானத்தில்தான் அதைவிடப் பெரிய ஓட்டலைக் கட்டிக் காட்டினாராம். இது நடந்ததற்கு ஆதாரம் போதாது என்று வரலாறு எழுதுகிறவர்களே சந்தேகப்படுகிறார்கள். இருந்தாலும் கதை சாகவில்லை. ஏன் என்றால் அது கேட்க இனிக்கிறது. அவமானப்பட்ட இந்தியன் அரண்மனை கட்டினான்!

சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இதோடு சேர்த்து இன்னொரு கதையையும் வையுங்கள். இதற்கு ஆதாரம் உண்டு, பட்டவரே எழுதியிருக்கிறார். 1917ல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்கு வருகிறார். தங்க இடம் இல்லை. இந்து விடுதிகளில் இடம் கிடையாது. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பேர் படியேறி வருகிறார்கள். சாயந்திரத்துக்குள் காலி செய் என்கிறார்கள். இந்து நண்பரிடம் கேட்கிறார், கிறிஸ்துவ நண்பரிடம் கேட்கிறார். ஆளுக்கொரு சாக்குச் சொல்கிறார்கள். ராத்திரி ரயிலுக்குப் போகிற வரைக்கும் பூங்காவில் உட்கார்ந்திருந்து பம்பாய்க்கே திரும்பிப் போகிறார்.

தாஜ் திறந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. இந்தியனின் அவமானம் தீர்ந்துபோனது என்று கதை சொல்கிறவர்கள் பதில் சொல்லட்டும்: எந்த இந்தியனின் அவமானம்? பார்சிகளைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அம்பேத்கரே சொல்லாததை நான் சொல்ல மாட்டேன். இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் பார்சிக்கும் தீண்டத்தகாதவன் ஆகிவிடுகிறான், சாதி நோய் அப்படிப் பரவுகிறது என்பதுதான் அவர் கண்டுகொண்டது.

பணக்காரனுக்கு அவமானம் நேர்ந்தால் அரண்மனை எழும்புகிறது. அண்ணலுக்கு நேர்ந்த அவமானத்திலிருந்து என்ன எழும்பியது? அரசியல் சட்டம் 15வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் படியுங்கள். கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் எதிலும் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது. ஓட்டல் என்ற சொல் ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தில் ஏன் வந்தது என்று எந்தச் சுற்றுலாப் புத்தகமாவது கேட்டிருக்கிறதா? பரோடாவில் தெருவில் நின்ற மனிதர் அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர். டாடா தன் பணத்தில் ஒரு கதவைத் திறந்தார், பணம் உள்ளவன் போகலாம். அண்ணல் எல்லாக் கதவையும் சட்டத்தில் திறந்தார். இந்தியாவின் மிகப் பெரிய ஓட்டல் வரலாறு 1950 ஜனவரி 26ல் எழுதப்பட்டது என்று நான் சொல்வேன்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்கதை உண்டு. 1924ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார், பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாம் எல்லாருக்கும் என்று. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம் என்பது 1941ல்தான் போனது. ஓட்டல் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லி பெரியார் 1957ல் முரளி கபே முன்னால் போராட்டம் தொடங்கினார். இவையெல்லாம் பெரிய காரியங்கள், மறுக்கவில்லை. ஆனால் பட்டணத்து ஓட்டல் போர்டில் எழுத்து அழிந்த பிறகும் கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை தொங்கிக்கொண்டிருந்தது. முன்வாசல் திறந்த சேதி பின்வாசலுக்கு வந்து சேர ரொம்ப காலம் ஆகிறது. சில இடங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணலைத் துரத்திய பரோடா இன்றைக்கு வடோதரா. 2019 ஜூன் மாதம் அந்த மாவட்டத்தில் தபோய் பக்கம் ஓர் ஓட்டலின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களில் ஏழு பேர் மூச்சுத் திணறிச் செத்துப் போனார்கள். துப்புரவுத் தொழிலாளர் நான்கு பேர், ஓட்டல் ஊழியர் மூன்று பேர். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. நூறு வருஷத்தில் நடந்த மாற்றம் இவ்வளவுதான். 1917ல் ஓட்டலுக்குள் விடவில்லை. 2019ல் உள்ளே விட்டார்கள், எந்த வழியாக விட்டார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

சில தோழர்கள் என்னிடம் சொல்வார்கள்: 'நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, வன்கொடுமை இருக்கிறது. பணக்காரன் படுக்கிற ஓட்டலைப் பற்றி நமக்கென்ன?' நியாயமான கேள்வி. என் பதில்: அந்த ஓட்டல்கள் இன்றைக்கு விற்பது கட்டிலும் சோறும் மட்டுமில்லை. பழமையை விற்கிறார்கள். 'பாரம்பரியம்' என்று போர்டு போட்டதும் வாடகை ஏறுகிறது. அந்தப் பழமையை நூறு வருஷமாகத் துலக்கித் துலக்கிப் பளபளப்பாக வைத்தது யார் கை? வரலாறும் ஒரு பட்டாதான். யார் பேரில் எழுதப்பட்டதோ அவனுக்குத்தான் சொந்தம். பஞ்சமி நிலத்தை இழந்த நமக்கு, பட்டாவில் பேர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும்: 'வெள்ளைக்காரன் அடுக்களையைப் புகழ்கிறாயா?' இல்லை. எல்லாருக்கும் ராமசாமி என்று பேர் வைத்தவனைப் புகழ எனக்கென்ன வந்தது? கொழும்பில் 1864ல் காலிமுகத்திடல் ஓட்டல் எழுந்தது. அந்த ஊர் ஓட்டல் மேசைகளில் ஊற்றிய தேநீரைப் பறித்தவர்கள் நம் சேரிகளிலிருந்து போன தாய்மார்கள். லயத்தில் படுத்தார்கள். 1948ல் சுதந்திர இலங்கை அவர்கள் குடியுரிமையையும் பிடுங்கியது. வெள்ளைக்காரனும் உறிஞ்சினான், அவன் போன பிறகு வந்தவனும் உறிஞ்சினான். ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. நெல்லுக்குப் படியாளாகக் கிடந்தவனுக்கு மாசச் சம்பளம், கையில் காசு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்கிற பாதையில் அந்த அடுக்களையும் ஒரு படி. அந்தப் படியில் ஏறித்தான் நான் இன்றைக்கு வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். சுரண்டல் என்பதும் உண்மை, படி என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற வரலாறுதான் நமக்கு வேண்டும்.

ஊழியர் பெயரே எங்கும் இல்லையா? இரண்டு இடத்தில் உண்டு. அதே காலிமுகத்திடல் ஓட்டலில் வாசல் காத்த சாத்து குட்டன். கேரளத்திலிருந்து பிழைக்கப் போனவர். 1942ல் வேலைக்குச் சேர்ந்து 2014ல் சாகிற வரைக்கும் அந்த ஓட்டல்தான். வெள்ளை மீசை, வெள்ளை உடுப்பு, கும்பிட்ட கை. உலகமெங்கும் அவர் படம் போனது. எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் யோசியுங்கள், ஏன் அவர் மட்டும்? ஏன் என்றால் அவர் நின்ற இடம் முன்வாசல்.

இன்னொன்று தாஜ். 2008 நவம்பர் தாக்குதலில் அந்த ஓட்டலில் 31 பேர் இறந்தார்கள். அதில் ஊழியர்களும் உண்டு. விருந்தாளிகளைக் காப்பாற்றப் போய்ச் செத்தவர்கள் உண்டு. அவர்கள் பெயர்கள் அங்கே நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் ஓர் ஊழியரின் பெயர் அந்தச் சுவரில் ஏற அவர் குண்டடிபட்டுச் சாக வேண்டியிருந்தது. முப்பது வருஷம் உயிரோடு உழைத்து ஓய்வு பெற்றவருக்கு எந்தச் சுவரும் இல்லை.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. பாரம்பரியம் என்று போர்டு போடுகிற ஒவ்வொரு ஓட்டலும் தன் பழைய சம்பளப் பதிவேடுகளைத் திறக்கட்டும். கவர்னர் படம் மாட்டியிருக்கிற அதே சுவரில் சமையல்காரர், துப்புரவாளர், வண்ணார், தோட்டக்காரர் பெயரையும் ஊரையும் எழுதட்டும். இன்றைக்குக் கான்ட்ராக்ட் பதிவேட்டில் வெறும் எண்ணாக இருக்கிற பிள்ளைகளையும் அதில் சேர்க்கட்டும். செய்வார்களா? நாம் கேட்காதவரை செய்ய மாட்டார்கள்.

அதற்கு முன்னால் நம் வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் துரை பங்களாவிலோ, கிளப்பிலோ, ரயில்வே சாப்பாட்டு விடுதியிலோ, பெரிய ஓட்டலிலோ வேலை பார்த்த தாத்தா, ஆயா, பெரியப்பா, சித்தி யாராவது இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். பேர், ஊர், எத்தனை வயசில் சேர்ந்தார், என்ன சம்பளம், எந்த வாசல் வழியாகப் போனார், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேளுங்கள். எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை. நம் ஆட்களின் மொழியைப் பார்த்துச் சிரித்தது போதும். என் தாத்தாவிடம் நான் கேட்கவில்லை. அவர் செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. துண்டில் கொக்கு மடிக்கக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை.

போன வாரம் அந்தப் பையன் மறுபடி வந்தான். அடுத்த ஐயாயிரம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன், "உங்க ஆளுங்க இதுல இல்லப்பா. ஒரே ஒரு வரி இருக்கு." அவன் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் சார். படத்துலயே தெரிஞ்சது" என்றான்.

"நீ எழுதேன். உன்கூட வேல செய்றவங்க பேரு, ஊரு."

"எனக்கு எழுத வராது சார். நான் சொல்றன், நீங்க எழுதுங்க."

மத்தியானச் சாப்பாட்டு நேரம். வங்கிக்குப் பின்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்தோம். செல்லாத செலான்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அவன் பேர், அவன் அம்மா பேர், நெல்லிவாசல்நாடு. பிறகு வெளுக்கிற இடத்தில் அவனோடு நிற்கிற மற்றவர்கள். திருவண்ணாமலை பக்கம் ஒருவர், ஒடிசாவிலிருந்து மூன்று பேர், ஊர் சரியாகத் தெரியாத ஒரு அக்கா. பதினோரு பேர் ஆவதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை அடுத்த மாசம் வந்து சொல்கிறேன் என்று மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். செலான்கள் என் மேசை டிராயரில் இருக்கின்றன.